மடவையின் வரவும் செலவும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கும் பொன்னேரிக்கும் நடுவிலுள்ள கவரைப்பேட்டையில் மடவை வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்த்து, சிவப்பாக இருந்தால் திருப்தியோடு விலை பேசத் தொடங்குகிறார். அந்த மீன் கிழக்கே பழவேற்காட்டு ஏரியில் வளர்ந்ததா, தெற்கே அனல்மின் நிலையங்கள் சூழ்ந்த எண்ணூர்க் கழிமுகத்தில் வளர்ந்ததா, வளர்ந்த காலமெல்லாம் தன் சரீர சக்தியை எதற்குச் செலவிட்டது என்பதையெல்லாம் அந்தச் சிவப்பு சொல்வதில்லை.

காற்றில் நூற்றுக்கு இருபத்தொரு பங்கு பிராணவாயு இருக்க, 30 டிகிரி உஷ்ணமுள்ள நன்னீரோ லிட்டருக்குச் சுமார் ஏழரை மில்லிகிராம்தான் கரைத்து வைக்கும். உவர்நீரில் அதுவும் குறைவு. நீர் சூடேறினால் இந்த அளவு மேலும் சுருங்குகிறது; நீரின் உஷ்ணத்தையே தன் உஷ்ணமாகக் கொண்ட மீனுக்கோ அப்போதுதான் பிராணவாயு அதிகம் தேவைப்படுகிறது. சம்பளம் குறைந்த மாதத்தில் வாடகை ஏறிய குடும்பம்போல் ஆகிறது அதன் நிலை. அமோனியாவோ, உலோகக் கழிவோ, 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூரில் பரவியது போன்ற எண்ணெய்ப் படலமோ சேர்ந்துகொண்டால், ரத்தத்தில் கார்டிசால் என்னும் அழுத்த ஹார்மோன் பெருகுகிறது. கல்லீரலில் சேர்த்து வைத்த கிளைக்கோஜன் சர்க்கரையாகிக் கரைகிறது. பிராணவாயு எட்டாத தசை, ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து செல்லின் சக்தி நாணயமாகிய ஏ.டி.பி. சுமார் 30 பெற வேண்டிய இடத்தில் இரண்டே இரண்டைப் பெற்று, மிச்சத்தை லாக்டிக் அமிலமாகச் சுமக்கிறது.

சென்னை பாரதி மகளிர் கல்லூரியின் உயிர்வேதியியல் ஆய்வாளர்கள் எண்ணூர் மடவையை, மாசு குறைந்த கோவளத்து மடவையோடு ஒப்பிட்டபோது, எண்ணூர் மீனின் கல்லீரல் செல்களில் அழுத்தப் புரதமாகிய எச்.எஸ்.பி. 70 மிகுந்தும், மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு மின்னழுத்தம் தாழ்ந்தும் இருக்கக் கண்டனர். சக்தியை உற்பத்தி செய்யும் ஸ்தலமே தளர்ந்திருக்க, பழுதுபார்க்கும் செலவு ஏறியிருக்கிறது என்பது இதன் தாத்பரியம். முட்டையிடக் கடலுக்குப் போயாக வேண்டிய மடவைக்கு அந்தப் பிரயாணமும் சினையும் உடலில் சேர்த்து வைத்த சக்தியிலிருந்துதான் வர வேண்டும். செத்து மிதக்கும் மீனைப் பத்திரிகைகள் படம் பிடிக்கின்றன. சாகாமல் இளைத்த மீனை யார் கவனிக்கிறார்கள்?

சட்டமும் கவனித்ததாகத் தெரியவில்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரப்படி, கழிவுநீரில் விடப்பட்ட மீன்களில் நூற்றுக்குத் தொண்ணூறு 96 மணி நேரம் பிழைத்திருந்தால் சோதனையில் அந்த நீர் தேறிவிடும். கலக்கும் இடத்து நீரைவிட 5 டிகிரி வரை சூடாக இருக்கவும் அதற்கு அனுமதி உண்டு. உஷ்ணம் 10 டிகிரி ஏறினால் மீனின் பிராணவாயுத் தேவை ஏறக்குறைய இருமடங்காகும் என்ற பொதுக் கணக்கை வைத்துப் பார்த்தால், அனுமதிக்கப்பட்ட அந்த 5 டிகிரிக்கே, சும்மா மூச்சுவிட்டுக் கிடக்கும் செலவு நூற்றுக்கு நாற்பது கூடிவிடுகிறது.