லினக்ஸ் துவங்கும்போது சாம்பா சேவை இயங்காமை

சாம்பா என்பது லினக்ஸ் கணினியில் உள்ள கோப்புகளை அதே பிணையத்தில் இருக்கும் விண்டோஸ் கணினிகளும் திறந்து பயன்படுத்த வழிசெய்யும் கட்டற்ற மென்பொருள் ஆகும். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992-ஆம் ஆண்டு இதன் முதல் வடிவத்தை எழுதினார். இது பின்பற்றும் கோப்புப் பகிர்வு நெறிமுறையின் பெயர் எஸ்எம்பி. அந்த மூன்று எழுத்துகளும் வரிசையாக வரும் ஒரு சொல்லை அகராதிக் கோப்பில் தேடியபோது கிடைத்த பெயரே சாம்பா.

கணினி துவங்கும்போது இச்சேவை தானாக இயங்கத் தவறுவது பரவலாகக் காணப்படும் கோளாறு. நிர்வாகி கையால் கட்டளை கொடுத்தால் உடனே இயங்கும். மறுநாள் காலை மறுபடியும் இயங்காது. இக்கட்டுரை அதன் காரணங்களையும் தீர்வுகளையும் விளக்குகிறது.

கொங்குப் பகுதியில் இது அடிக்கடி நேரக் காரணம்

கோவை, திருப்பூர், ஈரோடு பகுதிகளில் உள்ள சிறு நிறுவனங்கள் பலவற்றில் பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் நிறுவி அதையே கோப்பு வழங்கியாக வைத்துக்கொள்வதுண்டு. உரிமக் கட்டணம் இல்லை என்பது முதற்காரணம். தமிழகத்துக்கு லினக்ஸ் புதிதும் அன்று. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸை உருவாக்கியது. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பல மாணவர்கள் முதன்முதலாகப் பார்த்த லினக்ஸ் அதுவே.

பின்னலாடை நிறுவனத்தின் டிசைன் கோப்புகள், ஆர்டர் ஷீட், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் அந்த ஒரே வழங்கியில் இருக்கும். காலையில் அது திறக்கவில்லை என்றால் அன்றைய சரக்கு அனுப்பும் வேலை நிற்கும். 2012-ஆம் ஆண்டை ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் இப்பகுதியில் ஒரே நாளில் பலமுறை கரண்ட் போய் வந்தது. இன்று நிலைமை மேம்பட்டிருந்தாலும் மழைக்காலத்தில் மின்தடை இல்லாமல் இல்லை. மின்சாரம் திரும்பும்போது வழங்கி, பிணைய ஸ்விட்ச், ரவுட்டர் மூன்றும் ஒரே நொடியில் உயிர்பெறுகின்றன. எஸ்எஸ்டி வட்டு பொருத்திய வழங்கி சில நொடிகளில் எழுந்துவிடும். ரவுட்டர் எழுந்து ஐபி முகவரி வழங்க ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். கோளாறின் வேர் பெரும்பாலும் இந்த இடைவெளியில் இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியவை

டெபியன் 2015-இல் வெளியிட்ட 8-ஆம் பதிப்பு முதலும், உபுண்டு 15.04 முதலும் சேவைகளைத் துவக்கும் பொறுப்பு சிஸ்டம்டி என்ற நிரலிடம் உள்ளது. எனவே விசாரணையும் அதனிடமிருந்தே தொடங்க வேண்டும். சாம்பாவின் முதன்மைச் சேவைக்கு டெபியன் வகையில் எஸ்எம்பிடி என்று பெயர். ஃபெடோரா வகையில் எஸ்எம்பி.

கணினியை மீண்டும் துவக்கியதும், எதையும் தொடாமல் முனையத்தில் ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் எஸ்எம்பிடி’ என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும். பலர் அவசரத்தில் சேவையைக் கையால் இயக்கிவிட்டுப் பிறகு ஆராய்கிறார்கள். தடயத்தை அழித்துவிட்டுத் திருடனைத் தேடுவது போன்றது அது. விடையில் ‘டிசேபிள்டு’ என்றிருந்தால் சேவை துவக்கப் பட்டியலிலேயே இல்லை. ‘சிஸ்டம்சிடிஎல் எனேபிள் எஸ்எம்பிடி’ என்பது போதும். ‘மாஸ்க்டு’ என்றிருந்தால் யாரோ அதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். ‘அன்மாஸ்க்’ கட்டளையால் திறந்த பின்பே எனேபிள் செய்ய முடியும். ‘ஃபெயில்டு’ என்றிருந்தால் முயன்று தோற்றிருக்கிறது. அப்போது ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையுடன் ‘-யூ எஸ்எம்பிடி -பி’ சேர்த்தால் இந்தத் துவக்கத்தில் பதிவான செய்திகள் மட்டும் கிடைக்கும். உள்ளமைவுக் கோப்பில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்பதை ‘டெஸ்ட்பார்ம்’ காட்டிவிடும். ஆனால் கையால் இயக்கினால் இயங்குகிறது என்றால் அங்கே பிழை இருக்க வாய்ப்புக் குறைவு.

பிணையம் தயாராகும் முன் துவங்குதல்

சிஸ்டம்டியில் ‘நெட்வொர்க் டார்கெட்’, ‘நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்’ என்று இரண்டு நிலைகள் உண்டு. முன்னது பிணைய மேலாண்மை நிரல் துவங்கியது என்று மட்டுமே சொல்கிறது. முகவரி கிடைத்தது என்று சொல்லவில்லை. பள்ளி வாயில் திறந்ததற்கும் வகுப்பு தொடங்கியதற்கும் உள்ள வேறுபாடுதான். ‘சிஸ்டம்சிடிஎல் எடிட் எஸ்எம்பிடி’ கட்டளையால் திறக்கும் துணைக்கோப்பில், ‘யூனிட்’ பகுதியின் கீழ் ‘வான்ட்ஸ்’, ‘ஆஃப்டர்’ என்ற இரு வரிகளிலும் நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்டைக் குறிப்பிட வேண்டும். ஆஃப்டர் வரிசையை மட்டுமே சொல்லும். வான்ட்ஸ் இருந்தால்தான் அந்த நிலை உண்மையில் எட்டப்படும். புதிய பதிப்புகள் சிலவற்றில் இவ்வரிகள் முன்பே இருக்கும்.

இதுவும் எப்போதும் கைகொடுப்பதில்லை. ஸ்விட்ச் இன்னும் எழாதபோது கேபிளில் சமிக்ஞையே இராது. நெட்வொர்க் மேனேஜர் சில நொடிகள் பார்த்துவிட்டு, இணைப்பே இல்லை எனக் கருதித் துவக்கத்தைத் தொடர்ந்துவிடும்.

இந்நிலையில் சாம்பா தோற்பது குறிப்பிட்ட ஓர் உள்ளமைவால்தான். எஸ்எம்பி.கான்ஃப் கோப்பில் ‘பைண்ட் இன்டர்ஃபேசஸ் ஒன்லி’ என்பதற்கு ‘எஸ்’ என்று கொடுத்து, அலுவலகப் பிணைய அட்டையை மட்டும் குறிப்பிட்டிருந்தால், முகவரி இல்லாத அட்டையில் சாம்பாவால் காத்திருக்க முடியாது, நின்றுவிடும். பட்டியலில் ‘எல்ஓ’ என்ற உள்வழி இணைப்பும் இருந்தால் இன்னும் குழப்பம். சேவை இயங்குவதாகவே காட்டும். ஆனால் வழங்கிக்குள் மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கும், வெளிக் கணினி எதுவும் நுழைய முடியாது. ‘எஸ்எஸ் -டிஎல்என்’ கட்டளையின் விடையில் 445 என்ற வாயிலுக்கு முன் 127.0.0.1 மட்டும் இருந்தால் இதுவே நோய்.

எளிய மருந்து அந்த வரியை நீக்கிவிட்டு, ‘ஹோஸ்ட்ஸ் அலவ்’ வரியாலும் தீச்சுவராலும் யார் நுழையலாம் என்பதைக் கட்டுப்படுத்துவது. அப்போது சாம்பா எல்லா முகவரிகளிலும் காத்திருக்கும். பிணையம் தாமதமாக வந்தாலும் பாதகமில்லை. வரியை நீக்க முடியாத இடத்தில், வழங்கிக்கு நிலையான ஐபி முகவரி தருவதுடன், துணைக்கோப்பின் ‘சர்வீஸ்’ பகுதியில் ‘ரீஸ்டார்ட்’ என்பதற்கு ‘ஆன்-ஃபெயிலியர்’ என்றும் ‘ரீஸ்டார்ட்செக்’ என்பதற்கு 15 என்றும் கொடுக்கலாம். இடைவெளியைக் குறிப்பிடாமல் விட்டால் சிஸ்டம்டி கண்ணிமைக்கும் நேரத்தில் ஐந்து முறை முயன்று கைவிட்டுவிடும். மேற்சொன்ன உள்வழி இணைப்புக் கோளாறுக்கு இது உதவாது. அங்கே சேவை தோற்கவே இல்லையே.

ஸ்விட்சையும் ரவுட்டரையும் வழங்கியின் யுபிஎஸ்ஸிலேயே இணைத்துவிடுவது இவை அனைத்தையும் விட மலிவான வழி. பல இடங்களில் வழங்கிக்கு மட்டும் யுபிஎஸ் இருக்கிறது.

வட்டு இணையாமை

பகிரும் கோப்புகள் தனி வட்டில் இருந்தால் ஆபத்து வேறுவகை. வட்டு இணையும் முன்பே சாம்பா துவங்கினால், பயனர்களுக்குக் கோப்பகம் காலியாகத் தெரியும். ‘ஃபைல் எல்லாம் போச்சு’ என்ற கூக்குரல் பெரும்பாலும் இதனால்தான். கோப்புகள் எங்கும் போகவில்லை. அந்தக் காலிக் கோப்பகத்தில் ஊழியர்கள் புதிய கோப்புகளைச் சேமித்துவிட்டால்தான் சிக்கல்: பின்னர் வட்டு இணைந்ததும் அவை அதன் அடியில் மறைந்துவிடும். வட்டைத் தற்காலிகமாகக் கழற்றினால் மறுபடி தெரியும்.

திரையகத்தில் உள்நுழைந்தால் மட்டும் தானாக இணையும் யுஎஸ்பி வட்டைப் பகிர்வுக்கு நம்பக் கூடாது. எஃப்எஸ்டேப் கோப்பில் அதன் யுயுஐடி எண்ணைக் கொண்டு பதிய வேண்டும். எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்கள் துவக்கத்துக்குத் துவக்கம் மாறலாம். ‘நோஃபெயில்’ என்ற குறிப்பைச் சேர்த்தால் வட்டு பழுதானாலும் கணினி அவசரநிலையில் நின்றுவிடாமல் எழும். ஆனால் அதே குறிப்பால், வட்டுக்காகக் காத்திராமல் சாம்பாவும் எழுந்துவிடும். ஆகவே சாம்பாவின் துணைக்கோப்பில் ‘ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்’ வரியில் பகிர்வுக் கோப்பகத்தின் முழுப்பாதையையும் தர வேண்டும். வட்டு வராவிட்டால் சாம்பாவும் வராது. காலிக் கோப்பகத்தைக் காட்டுவதைவிட இது நல்லது.

சரிபார்த்தல்

திருத்திய பின் ‘ரீபூட்’ கட்டளையால் ஒருமுறை துவக்கிப் பார்ப்பது அரைச் சோதனையே. அப்போது ஸ்விட்ச் ஓடிக்கொண்டிருக்கும். வேலை முடிந்த மாலையில், வழங்கியை முறையாக நிறுத்தி, ஸ்விட்ச், ரவுட்டர் உட்பட அனைத்தையும் பிளக்கிலிருந்து எடுத்து, ஒன்றாகப் போட்டு, இரண்டு நிமிடம் கழித்து விண்டோஸ் கணினி ஒன்றிலிருந்து கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும்.