உப்புக் காற்றுக்கு அசராத அரளி... ஆனால் உஷார்!

'ஆசை ஆசையாய் ரோஜா வைத்தேன். இலையெல்லாம் ஓரம் கருகிப் போச்சு!' தூத்துக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது. தப்பு உங்கள் மேல் இல்லை. உப்பளம் சூழ்ந்த ஊர்; காற்றிலும் உப்பு, பல வீடுகளில் போர் தண்ணீரிலும் உப்பு. ரோஜாவுக்கு அது ஒத்துக்கொள்ளாது.

அரளி வைத்துப் பாருங்கள். தடித்த இலை, அதன் அடிப்பக்கக் குழிகளில் மூச்சுத்துளைகள் ஒளிந்திருப்பதால் ஈரம் சீக்கிரம் போகாது. நாற்கரச் சாலைகளின் நடுவே பூத்து நிற்பதும் இதுதான்.

எப்படி வளர்ப்பது?

ஐப்பசி மழை தொடங்கும்போது, பென்சில் கனத்தில் ஒரு சாண் குச்சியை மணலில் ஊன்றுங்கள். சில வாரங்களில் வேர் விடும். மழைநீர் மண்ணின் உப்பையும் கீழே இறக்கிவிடும். நல்ல வெயில் படும் காம்பவுண்டு சுவரோரமாக நடுங்கள். வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. புதுத் தளிரில்தான் பூ வரும் என்பதால், பூத்து ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். மஞ்சள் அசுவினி மொய்த்தால், 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்பும் கலந்து தெளித்தால் போதும்.

இனிதான் முக்கியம்!

வேர் முதல் பூ வரை அரளி முழுக்க விஷம். அதிலுள்ள ஒலியாண்ட்ரின் இதயத்துடிப்பையே தாறுமாறாக்கும். மஞ்சள் அரளி விதையும் அப்படித்தான். கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு 2024 மே மாதம் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைச் சேர்ப்பதை நிறுத்தியது இந்தப் பயத்தால்தான்.

* வெட்டும்போது கையுறை போடுங்கள். பால் பட்டால் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.
* வெட்டிய கிளையை எரிக்காதீர்கள், புகையும் கெடுதல். காய்ந்தாலும் விஷம் போகாது. ஆடு, மாடு வாய் வைக்காத இடத்தில் போடுங்கள்.
* வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறதா? அரளிக்கு அவசரம் வேண்டாம். காகிதப்பூ வையுங்கள். அதுவும் உப்பைத் தாங்கும். முள் மட்டும் கவனம்.

யாராவது தின்றுவிட்டால்?

வாந்தி, வயிற்றுவலி, தலைசுற்றல் வரும்வரை காத்திருக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது வேண்டவே வேண்டாம். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். தின்ற இலையையோ விதையையோ கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். 'இப்போ நல்லாத்தானே இருக்கான்' என்று திரும்பி வந்துவிடாதீர்கள். துடிப்பு பிறகும் தடுமாறலாம், ஈ.ஸி.ஜி. பார்த்து டாக்டர் அனுப்பட்டும்.

அரளி கண்ணுக்கு மட்டும்தான் விருந்து. இதை இன்றைக்கே வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்!