மழை வந்த பிறகும் மரம் காய்வது ஏன்?

“சார், கோடையில தாக்குப்பிடிச்ச தேக்கு, மழை பேஞ்சதுக்கு அப்புறம் காயுதுங்க. வெட்டிப் போடலாமுங்களா, விட்டுப் பாக்கலாமுங்களா?”

அன்னூர் பக்கத்து விவசாயி ஒருவர் கணபதியில் என் வீட்டுக்கே வந்து கேட்ட கேள்வி இது. வரப்போரம் 40 தேக்கு. மகள் கல்யாணத்துக்கு என்று 12 வருஷமாக வளர்த்தவை. மழை பெய்துவிட்டால் மரம் பிழைத்துவிட்டது என்றுதான் நாம் நினைக்கிறோம். மரத்தின் கணக்கு வேறு.

முதுமலை சொல்லும் பாடம்

முதுமலைக் காட்டில் 50 ஹெக்டேர் பரப்பை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் 1988 முதல் கண்காணித்து வருகிறார்கள். தேக்கு, வெக்காலி, கருமருது நிறைந்த இலையுதிர் காடு அது. மரங்களுக்கு எண் கொடுத்து, எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்று பதிவு செய்கிறார்கள். மழை குறைந்ததன் பாதிப்பு இரண்டு, மூன்று ஆண்டு கழித்தும் மரச்சாவாக வெளிப்படுவது அந்தப் பதிவில் தெரிந்தது.

நமக்கும் இது புதிதல்ல. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன. மொட்டையாக நின்ற தென்னைகளைக் கொங்கு நாடு மறக்காது.

மரத்துக்குள் நடப்பது என்ன?

மண்ணில் ஈரம் குறைந்ததும் மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். நீர் மிச்சமாகும், ஆனால் உணவு தயாரிப்பும் நின்றுபோகும். சேமித்து வைத்த மாவுச்சத்தைத் தின்றுதான் மரம் நாளைக் கடத்துகிறது. நீராவி வெளியேறாததால் இலையும் சூடேறுகிறது. இலையின் வெப்பம் 47 டிகிரியை நெருங்கினால் உணவு தயாரிக்கும் அமைப்பே சிதையத் தொடங்கும்.

வறட்சி நீடித்தால், தண்டுக்குள் நீர் ஏறும் நுண்குழாய்களில் காற்று புகுந்து அடைத்துக்கொள்கிறது. காற்று புகுந்த மோட்டார் குழாயில் தண்ணீர் ஏறாதது போலத்தான். நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்களும் காய்ந்துவிடும். பிறகு மழை பெய்தாலும் உறிஞ்ச வேர் இல்லை, மேலே ஏற்றக் குழாய் இல்லை, புதிதாக உருவாக்கக் கையிருப்பும் இல்லை. இந்த நேரம் பார்த்துத் தண்டு துளைப்பானும் பூஞ்சணமும் உள்ளே புகுகின்றன.

வெட்டுவதற்கு முன்...

கோடையில் தேக்கு இலை உதிர்ப்பது இயல்பு. அது சாவு அல்ல. மழைக்குப் பின்னும் துளிர்க்காவிட்டால், நுனிக்கிளையிலிருந்து அடிவரை சில இடங்களில் பட்டையை நகத்தளவு சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் அந்தப் பகுதிக்கு உயிர் உண்டு. அடிவரை பழுப்பாகக் காய்ந்திருந்தால் மரம் பட்டுவிட்டது. அதை அப்புறப்படுத்துங்கள், அதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் விதிமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உயிருள்ள மரத்துக்கு:

• மழை நின்றதும் பாசனத்தை மறக்காதீர்கள். தினமும் மேலாக நனைப்பதைவிட, இடைவெளி விட்டு ஆழமாக நனைப்பது நல்லது. தண்ணீரைத் தூரில் விடாமல், கிளை பரவிய நிழலின் ஓரத்தில் விடுங்கள்.

• சருகு, தென்னை மட்டை கொண்டு நான்கு அங்குலம் மூடாக்கு போடுங்கள். தூரை ஒட்டி அரை அடி இடம் விடுங்கள்.

• மரத்தடியில் ரோட்டாவேட்டர் ஓட்டாதீர்கள். மிஞ்சிய வேரும் அறுந்துபோகும்.

• ‘தெம்பு’ கொடுக்கிறேன் என்று யூரியாவைக் கொட்டாதீர்கள். இருக்கிற கையிருப்பை இலைவிடுவதிலேயே மரம் செலவழித்துவிடும்.

• பச்சைக் கிளைகளைக் கழிக்காதீர்கள். மரத்துக்குச் சோறு போடுவது இலைதான்.

• வரப்போரம் குழி, அகழி எடுத்து மழைநீரை அங்கேயே இறக்குங்கள்.

அன்னூர் தோட்டத்தில் சுரண்டிப் பார்த்ததில் 9 மரம் அடிவரை காய்ந்திருந்தது. மீதி 31இல் உயிர் இருந்தது. இப்போது மூடாக்கு போட்டுத் தண்ணீர் விடுகிறார். எத்தனை தேறும் என்பதை அடுத்த இரண்டு வருஷம்தான் சொல்லும். அன்றைக்கே ஆத்திரத்தில் வெட்டியிருந்தால் 40உம் போயிருக்கும்.