தியேட்டரா, வாடகைப் படமா? தலைக்கணக்கு போட்டுப் பாருங்க!

மதுக்கரையில இருந்து கோயம்புத்தூர் போய்ப் படம் பாக்கறீங்களா? டிக்கெட் விலையோட கணக்கை நிறுத்திடாதீங்க. 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5%; அதைத் தாண்டினா 18%. அதாவது 100 ரூபாய் டிக்கெட் 105 ஆகும், 150 ரூபாய் டிக்கெட் 177 ஆகும். உள்ளாட்சிக் கேளிக்கை வரி, புக்கிங் கட்டணம், பெட்ரோல், பாப்கார்ன் எல்லாம் தனி. தண்ணி பாட்டில் வாங்காதீங்க. தியேட்டர்ல குடிதண்ணி இலவசமா தரணும்னு 2023-ல உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு.

தியேட்டர்ல தலைக்கு ஒரு டிக்கெட். அமேசான் பிரைம்ல வாடகைக்கு எடுத்தா படத்துக்கு ஒரே கட்டணம். வீடே உக்காந்து பாக்கலாம். ஆனா ப்ளே பண்ணினதும் வழக்கமா 48 மணி நேரம்தான்.

தனியாளா? 100 ரூபாய்க்குள்ள டிக்கெட் தர்ற தியேட்டருக்குப் போங்க. நாலு பேரா? வாடகைதான் லாபம். விசில் பறக்கற படம் மட்டும் விதிவிலக்கு. அதுக்கு மாசாமாசம் சம்பளத்துலயே ஒரு தொகை ஒதுக்கிடுங்க. கிரெடிட் கார்டு வேண்டாம்!