கணினிக் கோப்புகளை எங்கே காப்பது?

2021ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் கிள்ளான் பள்ளத்தாக்கில் விடாது பெய்த மழையால் ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா முதலிய குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்தது. பல வீடுகளின் கீழ்த்தளம் நீரில் மூழ்கியது. இத்தகைய வெள்ளத்தில் மேசைமேல் இருக்கும் கணினியும், அதே மேசையின் இழுப்பறையில் இருக்கும் வெளி வன்தட்டும் ஒன்றாகவே நனையும். கோப்புகளை இரண்டு கருவிகளில் சேமித்து வைத்திருந்தாலும், அவ்விரண்டும் இருந்தது ஒரே இடத்தில்தான்.

கோப்புகளுக்கு ஒரு பிரதி வேண்டும் என்பதைப் பெரும்பாலோர் அறிவர். அந்தப் பிரதியைக் காப்புநகல் என்கிறோம். அதை எடுப்பதற்கு வெளி வன்தட்டையோ விரலியையோ வாங்குவதுதான் நம்மிடையே வழக்கம். ஒருமுறை பணம் கொடுத்தால் போதும், இணையமும் தேவையில்லை, நூறு கிகாபைட் படங்களையும் சிறிது நேரத்தில் நகலெடுத்துவிடலாம். இவை உண்மையான நன்மைகளே. ஆனால், வன்தட்டு மிகவும் நுட்பமான பொறி. அதனுள் இருக்கும் வட்டத் தட்டு நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்கிறது. அதைப் படிக்கும் முனை, தலைமுடியின் பருமனைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவான இடைவெளியில் தட்டைத் தொடாமல் மிதக்கிறது. இயங்கிக்கொண்டிருக்கும்போது கீழே விழுந்தால் முனை தட்டில் மோதிவிடும். விழாமலே பழுதாவதும் உண்டு. பெரும் எண்ணிக்கையில் வன்தட்டுகளைப் பயன்படுத்தும் பேக்பிளேஸ் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கின்படி, அண்மைய ஆண்டுகளில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வன்தட்டுகள் ஓராண்டுக்குள் பழுதாகின்றன.

கருவியின் பழுதைவிட இடந்தான் பெரிய சிக்கல். 1998ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் அசைவூட்டத் திரைப்படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது. தவறுதலாக இடப்பட்ட ஒரே கட்டளையால் படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி அழிந்தது. அலுவலகத்தில் காப்புநகல் எடுக்கும் ஏற்பாடு இருந்தது. ஆனால், அது சில காலமாகவே சரிவர இயங்கவில்லை என்பது அப்பொழுதுதான் தெரியவந்தது. படத்தைக் காப்பாற்றியது கேலின் சூஸ்மன் என்னும் தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினி. குழந்தை பிறந்திருந்ததால் அவர் வீட்டிலிருந்து பணியாற்றி வந்தார். படத்தின் பிரதி ஒன்று அங்கே இருந்தது. அந்தக் கணினியைப் போர்வைகளால் சுற்றிக் காரில் மெல்ல ஏற்றி அலுவலகத்திற்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பிரதி வேறோர் இடத்தில் இருந்ததும் தற்செயலே.

இணையக் காப்புநகல் இந்தத் தற்செயலை ஏற்பாடாக மாற்றுகிறது. கணினியில் அதற்குரிய மென்பொருளை நிறுவி, எந்தெந்தக் கோப்புறைகளைக் காக்க வேண்டும் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். அதன்பின் புதிதாகச் சேர்ந்த, மாறிய கோப்புகளை மென்பொருளே கண்டறிந்து, மறையாக்கம் செய்து, தரவு மையத்திற்கு அனுப்பிவிடும். பெயர்தான் மேகம், இருப்பதோ தரையில். வரிசை வரிசையாகக் கணினிகளை அடுக்கிய, குளிரூட்டப்பட்ட பெரிய கட்டடங்களே தரவு மையங்கள். சிங்கப்பூரில் இவை பல உள்ளன. அண்மைக் காலத்தில் ஜொகூரிலும் வேகமாக எழுந்து வருகின்றன.

தானாக நடப்பது என்பதைச் சிறிய வசதியாக எண்ணிவிடக் கூடாது. வெளி வன்தட்டை எடுத்து, கம்பியைச் செருகி, நகலெடுத்து, மீண்டும் பத்திரப்படுத்தும் வேலையை வாரந்தோறும் தவறாமல் செய்பவர்கள் எத்தனை பேர்? முதல் மாதம் செய்வோம். தேர்வு நெருங்கும்போது தள்ளிப்போடுவோம். ஆனால், இடுபணிகளும் குறிப்புகளும் குவிவது அந்தத் தேர்வுக் காலத்தில்தான்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. 2017ஆம் ஆண்டு மே மாதம் ‘வான்னாகிரை’ என்னும் தீநிரல் 150க்கும் மேற்பட்ட நாடுகளின் கணினிகளைத் தாக்கியது. இத்தகைய பணயத் தீநிரல்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறவுகோலுக்குப் பணம் கேட்கும். கணினியில் செருகப்பட்டிருக்கும் வெளி வன்தட்டையும் அவை விட்டுவைப்பதில்லை. நல்ல இணையக் காப்புச் சேவைகள் ஒவ்வொரு கோப்பின் பழைய பதிப்புகளையும் குறிப்பிட்ட காலம்வரை வைத்திருப்பதால், பூட்டப்படுவதற்கு முந்திய நாளின் பதிப்பை மீட்க முடிகிறது.

இங்கே பலர் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவற்றில் நாம் பெரும்பாலும் பயன்படுத்துவது ஒத்திசைவு. கணினியில் இருப்பதும் இணையத்தில் இருப்பதும் எப்பொழுதும் ஒன்றுபோல் இருக்கும்படி அது பார்த்துக்கொள்கிறது. ஆகவே, கணினியில் ஒரு கோப்பை அழித்தால் இணையத்திலும் அது அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள்கள் இருக்கும். பிறகு நிரந்தரமாக நீங்கிவிடும். காப்புநகல் சேவையோ பழையதைக் காப்பதற்கென்றே அமைந்தது. என்றாலும், ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு ஒத்திசைவு எவ்வளவோ மேல். இலவசமாகக் கூகுள் 15 கிகாபைட்டும் ஒன்டிரைவ் 5 கிகாபைட்டும் தருகின்றன. கட்டுரைகளுக்கும் படைப்புகளுக்கும் இது தாராளம், காணொளிகளுக்குப் போதாது. அதற்கு மேல் வேண்டுமானால் மாதந்தோறும் கட்டணம் உண்டு. கட்டுவதை நிறுத்தினால் சேவையும் நிற்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

முதல் பதிவேற்றத்திற்குப் பொறுமை தேவை. விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் 100 கிகாபைட்டை அனுப்ப ஏறத்தாழ 22 மணி நேரம் ஆகும். 50 மெகாபிட் வேகமென்றால் நான்கரை மணி நேரம். பின்னர் மாறியவை மட்டுமே செல்லும் என்பதால் அன்றாட வேலை பாதிக்கப்படாது. கைப்பேசித் தரவைக் கொண்டு இதைச் செய்யத் துணிந்தால் மாதத் தரவு ஒரே நாளில் தீர்ந்துவிடலாம்!

தரவு மையம் மட்டும் தீப்பிடிக்காதா என்று கேட்கலாம். பிடித்திருக்கிறது. 2021ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று எரிந்து அழிந்தது. வேறிடத்தில் பிரதி வைத்திருக்காத வாடிக்கையாளர் சிலர் தங்கள் தரவுகளை அடியோடு இழந்தனர். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய ‘3-2-1’ விதி இதற்காகவே அமைந்தது: மூன்று பிரதிகள், இரு வகைச் சேமிப்புக் கருவிகள், அவற்றில் ஒன்றாவது வேறோர் இடத்தில். வசதியுள்ளவர்கள் வன்தட்டையும் இணையத்தையும் சேர்த்தே பயன்படுத்தலாம். இரண்டில் ஒன்றுக்குத்தான் வழியுண்டு என்றால் மாணவர்களுக்கு ஏற்றது இணையமே. வெள்ளம், திருட்டு, மறதி ஆகிய மூன்றும் அங்கே எளிதில் எட்டுவதில்லை.

ஆயினும், கடவுச்சொல் பிறர் கைக்குப் போனால் எல்லாக் கோப்புகளும் போகும். ஆகவே, வேறெங்கும் பயன்படுத்தாத நீண்ட கடவுச்சொல்லையும் இருபடிச் சரிபார்ப்பையும் அமைத்துக்கொள்வது அவசியம். கூகுள் கணக்கை இரண்டாண்டுகள் திறக்காமலே விட்டால் அந்நிறுவனம் அதை நீக்கக்கூடும்; ஆண்டுக்கு ஒருமுறையேனும் உள்ளே நுழைந்து பார்க்க வேண்டும். அப்படி நுழையும்போது பழைய இடுபணி ஒன்றை வேறொரு கணினியில் பதிவிறக்கித் திறந்து பார்க்கலாம். திறக்கவில்லை என்றால், மூலக் கோப்பு கணினியில் இருக்கும்போதே அமைப்பைச் சரிசெய்துவிட முடியும்.