கட்டியைத் தட்டிப் பார்க்கும் ஒலி

வாசகி ஒருவர் தன் கழுத்து ஸ்கேன் அறிக்கையின் நகலை அனுப்பியிருந்தார். தாடைக்குக் கீழே நெறி கட்டி, ஒன்றரை மாதமாகியும் வற்றவில்லையாம். அறிக்கையின் கடைசியில் ‘எலாஸ்டோகிராபி ஸ்கோர் 4’ என்று ஒரு வரி, பக்கத்தில் நீலம் அப்பிய ஒரு படம். “நீலம் என்றால் புற்றுநோய்தானா? ஊசி குத்திப் பார்க்க வேண்டாம் என்கிறார்கள் வீட்டில். படமே போதாதா?” என்று கேட்டிருக்கிறார்.

முதலில் நீலம். சில கம்பெனி எந்திரங்கள் கடினமான திசுவை நீலமாகவும் மென்மையானதைச் சிவப்பாகவும் காட்டும். வேறு சில எந்திரங்களில் இது அப்படியே தலைகீழ், சிவப்புதான் கடினம். படத்தின் ஓரத்தில் ஒரு வண்ணப்பட்டை இருக்கும். அதைப் பார்க்காமல் நிறத்துக்குப் பொருள் சொல்லவே முடியாது. படத்தை மட்டும் வெட்டி வாட்ஸாப்பில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிக் கருத்துக் கேட்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

கட்டி கடினமா மென்மையா என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாக விரலால் கேட்டுவரும் கேள்வி. சளி, தொண்டைப்புண், சொத்தைப்பல் இவற்றால் நெறி கட்டினால் தொட்டால் வலிக்கும், விரலுக்கடியில் நழுவும். லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றில், நெறி என்று நாம் சொல்லும் நிணநீர்க் கணு பெரும்பாலும் ரப்பரைப் போல இருக்கும். வாயிலோ தொண்டையிலோ தோன்றிய புற்று கணுவுக்குப் பரவியிருந்தால் கல்லாக இறுகி, ஆட்டினாலும் அசையாமல் பக்கத்துத் திசுவோடு ஒட்டிக்கொள்ளும். செல்கள் நெருக்கியடித்துப் பெருகுவதும், அவற்றைச் சுற்றி நார்த்திசு தடிப்பதும்தான் அந்த இறுக்கத்துக்குக் காரணம். ஆனால் உடம்பில் இருக்கும் சுமார் 800 நிணநீர்க் கணுக்களில் 300 வரை கழுத்திலேயே இருக்கின்றன. அவற்றில் பல தசைக்கு அடியில், பெரிய ரத்தக் குழாய்களை ஒட்டிக் கிடப்பவை. விரல் அங்கே எட்டாது.

வழக்கமான அல்ட்ராசவுண்ட் அங்கே எட்டும். கணு அவரை விதைபோல் நீண்டிருக்கிறதா, உருண்டுவிட்டதா, ரத்தம் நடுவழியாக நுழைகிறதா, விளிம்பெல்லாம் தாறுமாறாக ஓடுகிறதா என்று நிறையச் சொல்லும். கடினத்தை மட்டும் சொல்லாது. இதன் காரணம்தான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த விஷயம். ஒலி மென்மையான தசையிலும் இறுகிய கட்டியிலும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் போகிறது, வினாடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர். அதன் கண்ணுக்கு இரண்டும் ஒன்று.

1991-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜொனாதன் ஓஃபிரும் அவருடைய குழுவினரும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அமுக்குவதற்கு முன் ஒரு படம், ஸ்கேன் கைப்பிடியான புரோபால் லேசாக அமுக்கியபின் ஒரு படம் எடுத்து, எந்த இடம் எவ்வளவு நசுங்கியது என்று கணக்கிட்டார்கள். மென்மையானது நசுங்கும், கடினமானது அப்படியே நகரும். எலாஸ்டோகிராபி என்ற பெயரும் அவர்கள் வைத்ததுதான். கழுத்தில் இது சற்று முரண்டு பிடிக்கும். பக்கத்திலேயே கரோட்டிட் தமனி துடித்துக்கொண்டிருக்கிறது. அமுக்குகிறவரின் கையும் ஆளுக்கு ஆள் மாறும். கொஞ்சம் அழுத்திப் பிடித்துவிட்டால் மென்மையான கணுவும் கடினமாகத் தெரியும். தேர்ந்த மருத்துவர் ஜெல்லைத் தாராளமாகப் பூசிவிட்டு, புரோபைத் தோல்மேல் வைத்தும் வைக்காமலும் பிடிப்பதைக் கவனித்துப் பாருங்கள்.

கை அமுக்காமலே கடினத்தை அளக்கும் இரண்டாவது முறைக்கு ‘ஷியர் வேவ்’ என்று பெயர். என் அப்பா கைத்தறிக்காரர். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நூலை விரித்துக் கஞ்சி போட்டு இழுத்துக் கட்டுவார்கள். ஒரு முனையில் நின்று அப்பா பாவை மெல்லத் தட்டுவார். தொய்வாக இருந்தால் அதிர்வு நெளிந்து நெளிந்து வந்து சேரும். விறைப்பாக இருந்தால் தட்டிய கணமே மறுமுனையைப் பிடித்திருக்கும் என் கையில் துடிக்கும். உடம்பின் திசுவும் அப்படித்தான். அதை ஓரிடத்தில் உலுக்கினால் பக்கவாட்டில் ஒரு நெளிவு பரவும். அதுதான் ஷியர் அலை. வினாடிக்கு 1,540 மீட்டர் போகும் ஒலிக்கு முன்னால் இது ஆமை, மென்திசுவில் பெரும்பாலும் 1 முதல் 10 மீட்டர் வரைதான் போகும். ஆனால் மென்மைக்கும் கடினத்துக்கும் அதன் வேகம் நன்றாகவே மாறுகிறது. வேகம் இரு மடங்கானால் திசுவின் விறைப்பு நான்கு மடங்கு என்று பொருள். 2 மீட்டர் என்றால் சுமார் 12 கிலோபாஸ்கல், 4 மீட்டர் என்றால் சுமார் 48.

திசுவுக்குள்ளே போய் உலுக்குவது யார்? ஒலியேதான். ஒலிக்கற்றையை ஒரு புள்ளியில் குவித்தால் அது அந்த இடத்தை மைக்ரோமீட்டர் கணக்கில் தள்ளும். பாரிஸில் ஜெரெமி பெர்க்கோஃப், மிக்கேல் தாந்தர், மத்தியாஸ் ஃபிங்க் மூவரும் 2004-ல் வெளியிட்ட முறையில் இந்தத் தள்ளலை ஓர் ஆழத்தோடு நிறுத்தவில்லை. மேலிருந்து கீழாக அடுத்தடுத்த ஆழங்களில், ஷியர் அலை ஓடும் வேகத்தை மிஞ்சித் தள்ளிக்கொண்டே போனார்கள். ஒலியை முந்தும் போர்விமானம் தனக்குப் பின்னால் அதிர்வலைக் கூம்பு ஒன்றை இழுத்துச் செல்கிறதல்லவா? 1887-ல் பாய்ந்து செல்லும் தோட்டாவின் முன் எர்ன்ஸ்ட் மாக் படம்பிடித்துக் காட்டினாரே, அதே கூம்பு. அந்த மாக் கூம்பு இங்கே ஒரு மனிதரின் கழுத்துக்குள் உருவாகிறது. விமானம் ஒலியை முந்த வினாடிக்கு 340 மீட்டர் போக வேண்டும். சதைக்குள் ஷியர் அலையை முந்த, நாம் ஓடும் வேகத்தைத் தாண்டினாலே போதும். படுத்திருப்பவருக்கு எதுவும் தெரியாது, வலியும் இல்லை.

கூம்பின் இரு பக்கமும் அலைகள் விலகிப் போவதைப் படமெடுக்க வேண்டும். அலை 4 சென்டிமீட்டரைக் கடக்க 20 மில்லிவினாடி போதும். வழக்கமான ஸ்கேன் வினாடிக்குச் சில பத்துப் படங்கள் எடுப்பதற்குள் அது வந்து போய்விட்டிருக்கும். அதனால் வரிவரியாக வருடுவதை விட்டுவிட்டு, முழுப் பரப்பின் மீதும் ஒரே வீச்சில் ஒலியைப் பாய்ச்சி, வினாடிக்கு ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கிறார்கள். கணினி அவற்றைக் கோத்து வேகத்தைக் கணக்கிட்டு நிறம் பூசிக் கொடுக்கிறது. இத்தனை நுட்பமும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கியிருப்பதை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இனி வாசகியின் கேள்வி. 2007-ல் ‘ரேடியாலஜி’ இதழில் வந்த, ஜப்பானில் நடந்த ஆய்வு ஒன்றில் 43 நோயாளிகளின் 141 கழுத்துக் கணுக்களை, அமுக்கிப் பார்க்கும் முறையில் கழுத்துத் தசையோடு ஒப்பிட்டார்கள். தசையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் இறுகியிருந்தால் புற்று என்று வைத்துக்கொண்டபோது, புற்றில்லாத கணுக்களில் 98 சதவீதத்தைச் சரியாக விலக்கினார்கள். புற்றுள்ளவற்றில் 85 சதவீதத்தைப் பிடித்தார்கள். மிச்சம் 15 சதவீதம் கண்ணில் படவில்லை. அந்த நோயாளிகள் ஏற்கெனவே புற்றுநோய் ஐயத்தோடு அறுவை சிகிச்சைக்கு வந்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

நம் ஊர்க் கழுத்து வேறு. இங்கே நாள்பட்ட கழுத்துக் கட்டிக்கு முக்கியமான காரணம் காசநோய், கண்டமாலை என்று பெரியவர்கள் சொல்வது. காசநோய்க் கணு நார்பிடித்தும் சுண்ணம் படிந்தும் கல்லாகிவிடலாம். அப்போது எந்திரம் அதையும் கடினம் என்றே காட்டும். மறுபக்கம், லிம்போமா மென்மையாகவே இருக்கலாம். தைராய்டிலிருந்தும் தொண்டையிலிருந்தும் பரவிய புற்றுக் கணு உள்ளே நீர்கோத்து இளகிப்போவதும் உண்டு. அப்போது படம் பொய்யாக ஆறுதல் சொல்லும். ஆகவே கடினம் என்னும் ஸ்கோர் 4 புற்றுநோய் என்ற தீர்ப்பல்ல, மென்மை என்னும் ஸ்கோர் 1 விடுதலையும் அல்ல. பத்துக் கணுக்கள் வரிசையாக இருக்கும்போது எதில் ஊசி குத்துவது, அதிலும் எந்த மூலையில் குத்துவது என்று கைகாட்டுவதுதான் இந்தப் படத்தின் பெரிய உபயோகம். அந்த ஊசியைத் தவிர்க்க அதையே சாக்காக்குவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஊசி பட்டால் புற்று பரவிவிடும் என்ற பயம் நம் வீடுகளில் ஆழமாக வேரோடியிருக்கிறது. அந்த ஊசி ரத்தப் பரிசோதனைக்குக் குத்தும் ஊசியின் பருமன்தான், பல நேரம் அதைவிட மெல்லியது. அதனால் பரவுவது மிக மிக அரிது. ஊசி போடாமல் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டு மாதங்களைக் கடத்தும்போதுதான் புற்று தன் வழியில் பரவுகிறது. மருந்துக் கடையில் சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி விழுங்குவது இன்னும் மோசம். லிம்போமாவாக இருந்தால் கட்டி சில நாளில் சுருங்கும், எல்லோரும் நிம்மதி அடைவார்கள், பிறகு பயாப்ஸி எடுத்தாலும் நோய் பிடிபடாமல் போகும்.

இரண்டு மூன்று வாரத்தில் வற்றாத கட்டி என்றால் கழுத்தை மட்டும் காட்டிவிட்டு வராதீர்கள், வாயைத் திறந்து நாக்கின் அடியையும் காட்டுங்கள். வெற்றிலைபாக்குப் போடுகிறவராக இருந்தால் மருத்துவர் கேட்கும்முன் நீங்களே சொல்லிவிடுங்கள். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோய்க் காரணிதான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிவித்துவிட்டது. இடது காறையெலும்புக்கு மேலே கட்டி இருந்தால் வயிற்றையும் சோதிக்கச் சொல்வார்கள். இரைப்பைப் புற்று அங்கே வந்து முளைக்கும் என்று ருடால்ஃப் விர்ச்சோ 1848-லேயே எழுதிவைத்தார்.

ஊசியில் எடுத்ததில் ஒரு பகுதியைக் காசநோய்க்கான சிபி-நாட் பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஊசியில் விடை தெளியாவிட்டால் கணுவையே எடுத்துச் சோதிப்பார்கள். லிம்போமா ஐயம் இருந்தால் அதுதான் சரியான வழி. காசநோய் என்று வந்தால் அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், கழுத்துக் கணுவுக்குப் பெரும்பாலும் 6 மாதம். மருந்து தொடங்கிய பிறகு சிலருக்குக் கணு சற்றுப் பெரிதாகிப் பின்பு வற்றும். அதைக் கண்டு பயந்து நடுவில் மாத்திரையை நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள்.