பழைய காருக்கு 100 ஆக்டேன் எதற்கு?

பாசத்தோடு வைத்திருக்கும் அம்பாசடருக்கு விலை கூடிய 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் வேகம் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். கூடாது. ஆக்டேன் எண் எரிபொருளின் சக்தியைச் சொல்வதில்லை. அழுத்தத்திலும் வெப்பத்திலும் தானாகத் தீப்பிடிக்காமல் நிற்கும் திறனையே சொல்கிறது. ஐசோ ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து அளக்கிறார்கள்.

ஸ்பார்க் பிளக்கின் பொறியிலிருந்து தீ பரவி வரும்போது, ஓரத்தில் எரியாமல் மிஞ்சியிருக்கும் கலவை நெருக்குண்டு சூடேறுகிறது. தீ வந்து சேருமுன் அது தானே வெடித்தால், இரும்பைத் தட்டுவது போல் 'டக் டக்' சத்தம் கேட்கும். அதுதான் நாக்கிங். கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டனே ஓட்டையாகிவிடும். பழைய கார்களில் இதை உணர்ந்து சரிசெய்யும் சென்சார் கிடையாது. ஓட்டுபவரின் காதுதான் சென்சார்.

அம்பாசடரின் பழைய 1,489 சிசி எஞ்சின் கலவையை ஏறத்தாழ 7 மடங்குதான் அமுக்கும். சாதாரண பெட்ரோலே அதற்குத் தாராளம். 1964-ஆம் ஆண்டின் பான்டியாக் ஜிடிஓ காரோ 10.75 மடங்கு அமுக்குகிறது. அதற்கு உயர் ஆக்டேன் அவசியம்.

இந்தியாவில் 2000-இல் பெட்ரோலிலிருந்து ஈயம் நீக்கப்பட்டது, நல்ல காரியம். ஆனால் ஆக்டேனைக் கூட்டிய அந்த ஈயம்தான் எக்ஸாஸ்ட் வால்வு சீட் தேயாமலும் காத்தது. எத்தனை ஆக்டேன் கூட்டினாலும் அந்தக் காப்பு கிடைக்காது. கடினமான வால்வு சீட் பொருத்துங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ரப்பர் குழாய்களையும் கையோடு மாற்றிவிடுங்கள்.